‘சூப்பரா இருக்குண்ணே’ என்றால் என்ன அர்த்தம்?

மதுரை அண்ணா நகரில் என் அக்கா வீட்டு மாடியில் ஓர் அறை. முன்பு தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்திருந்தார்கள். இப்போது அதில் இரண்டு மேசை, மூன்று லேப்டாப், கடகடவென்று சத்தம் போடும் ஒரு சீலிங் ஃபேன். அக்கா மகனும் அவனோடு கல்லூரியில் படித்த நண்பனும் ஒன்றரை வருடமாக அங்கே உட்கார்ந்து ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறார்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் (கிழமை இல்லை, கிரகம்) கைவிடப்பட்டு மிதக்கும் ஒரு சுரங்கக் கப்பல். உள்ளே ஏழு தளம். வேலை பார்த்தவர்கள் ஒருவரையும் காணோம். நாம் கையில் ஒரு டார்ச்சும் ஆணி அடிக்கும் துப்பாக்கியுமாகக் கட்டம் கட்டமாக நடந்து கடைசித் தளம் வரை இறங்க வேண்டும். இந்த வகைக்கு டஞ்சன் கிராலர் என்று பெயர். அதோடு அறிவியல் புனைவையும் திகிலையும் சேர்த்திருக்கிறார்கள்.

மாதத்தில் இரண்டு ஞாயிறு, தெரிந்தவர்களைக் கூப்பிட்டு விளையாட விடுவார்கள். குறிப்பெடுப்பது என் வேலை. பன்னிரண்டு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் குப்பை கொட்டியவன் என்பதால் கிடைத்த பதவி.

முதல் ஞாயிறு வந்தவன் பக்கத்துத் தெருப் பையன். நாற்பது நிமிடம் விளையாடினான். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு “சூப்பரா இருக்குண்ணே” என்றான். அக்கா கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனான். மருமகனுக்கு வாயெல்லாம் பல். ராத்திரி ஸ்கிரீன் ரெக்கார்டிங்கை ஓட்டிப் பார்த்தோம். நாற்பது நிமிடத்தில் பதினேழு நிமிடம் அவன் மூன்றாம் தளத்தில் ஒரே தாழ்வாரத்தையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறான்.

பையன் பொய் சொல்லவில்லை. ஒருவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு “குழம்பில் உப்பு கம்மி” என்று முகத்துக்கு நேரே சொல்கிற பழக்கம் நம் ஊரில் இல்லை. மிஞ்சிப்போனால் ஊறுகாயைக் கேட்பார்கள். சமைத்தவருக்குப் புரிந்துவிடும். கேம் செய்கிறவர்களும் இந்த ஊறுகாயைத்தான் கவனிக்க வேண்டும் என்பது என் கட்சி. இதை விளக்க, இந்த வகை கேம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1980-இல் வந்த ‘ரோக்’ என்ற கேமில் படமே கிடையாது. திரையில் வெறும் எழுத்துக் குறிகள். ஈமெயில் முகவரியில் போடுகிறோமே அந்த ‘@’ குறிதான் நாயகன். ஒவ்வொரு முறையும் நிலவறை புதிதாக உருவாகும், செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்த வருடம் வந்த ‘விசார்ட்ரி’ நம்மை நிலவறைக்குள்ளேயே நிறுத்தியது. கோடுகளால் வரைந்த சுவர், எதிரே ஒரு திருப்பம், அவ்வளவுதான். விளையாடியவர்கள் பக்கத்தில் கிராஃப் தாளை வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாக வழியை வரைந்துகொண்டே போனார்கள். 1987-இல் ‘டஞ்சன் மாஸ்டர்’ இதே கட்டங்களுக்குள் நேரத்தை ஓடவிட்டது. நாம் யோசித்துக்கொண்டு நின்றால் அரக்கன் நிற்காது. 1994-இல் ‘சிஸ்டம் ஷாக்’ வந்தது. கட்டத்தை விட்டுவிட்டது, ஆனால் நிலவறையை அப்படியே விண்வெளி நிலையமாக்கி, பூட்டிய கதவையும் செத்தவர்களின் குரல் பதிவையும் வைத்தது. விண்வெளித் திகில் கேம்களில் இன்றும் அந்தச் சாயல் தெரியும். கட்ட நடை வழக்கொழிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, 2012-இல் ஃபின்லாந்தின் ஒரு சிறு குழு ‘லெஜண்ட் ஆஃப் கிரிம்ராக்’ மூலம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. இரண்டு மூன்று பேர் மட்டுமே இருக்கும் இண்டி குழுக்களுக்கு இது வசதி. கட்டத்துக்குள் நடப்பதென்றால் சுவர், தரை, கதவு என்று சில துண்டுகளைச் செய்து, அவற்றையே மாற்றி மாற்றி அடுக்கி ஏழு தளத்தையும் கட்டிவிடலாம்.

குறைகள் பிறப்பதும் அந்த வசதியிலிருந்துதான்.

எங்களிடம் அதிகம் பேர் சொன்ன குறை “எங்க பாத்தாலும் ஒரே மாதிரி இருக்கு.” பத்தில் ஏழு பேர் இதைச் சொன்னார்கள். சொன்னவர்களில் பாதிப் பேர் மருந்தையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தார்கள்: மூலையில் ஒரு மினி மேப் வையுங்கள், போக வேண்டிய இடத்துக்கு அம்பு போடுங்கள். மருமகன் அன்றே மினி மேப் செய்ய உட்கார்ந்துவிட்டான். நான்தான் நிறுத்தினேன்.

மதுரைக்காரர்களுக்கு இந்தப் பிரச்சினையைப் புரியவைப்பது சுலபம். வெளியூர்ச் சொந்தக்காரர்களை மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போயிருக்கிறீர்களா? கிழக்கு வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போவார்கள். சாமி கும்பிட்டுச் சுற்றி வந்து தெற்கு வாசலில் வெளியேறிவிட்டு “நம்ம செருப்பு எங்கே?” என்று நிற்பார்கள். அவர்கள் கண்ணுக்கு நான்கு கோபுரமும் ஒன்றே. நமக்கு அப்படி இல்லை. தெற்குக் கோபுரம்தான் இருப்பதிலேயே உயரம். வடக்கே இருப்பதை மொட்டைக் கோபுரம் என்போம். வெகுகாலம் சுதைச் சிற்பம் இல்லாமல் மொட்டையாக நின்றதால் வந்த பெயர், காலடியில் முனியாண்டியும் உண்டு. கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளும் அப்படித்தான். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரம் சதுரமாகப் போகும். திசையையும் மாதத்தையும் சேர்த்துச் சொன்னால், வடக்கு மாசி வீதி என்று இடம் விளங்கிவிடும். மேப் பார்த்து இதை யாரும் கற்கவில்லை. பாத்திரக்கடை எங்கே, ஜிகர்தண்டா எங்கே என்று நடந்து நடந்து மனதில் பதிந்தது.

ஆகவே “ஒரே மாதிரி இருக்கு” என்றால், என் மனதில் பதிய இந்த இடத்தில் ஒன்றும் இல்லை என்றுதான் அர்த்தம். மினி மேப் வைத்தால் கண் சுவரை விட்டுவிட்டு மூலைக்குப் போய்விடும். திகில் அங்கேயே செத்துவிடும். ‘எட்ரியன் ஒடிசி’ என்ற ஜப்பானிய கேம் 2007-இல் நின்டெண்டோ டிஎஸ் என்ற இரண்டு திரை கொண்ட கையடக்கக் கருவியில் வந்தது. அதில் கீழ்த்திரையில் மேப்பை விளையாடுபவரே எழுத்தாணியால் வரைய வேண்டும். மேப் உண்டு, ஆனால் அதற்கு உழைப்பும் உண்டு. நாங்கள் அந்த அளவுக்குப் போகவில்லை. மூன்றாம் தளத்தில் ஒரு திருப்பத்தில் தண்ணீர்க் குழாய் ஒழுகும் சத்தத்தை வைத்தோம். இன்னொரு திருப்பத்தில் யாரோ கழற்றிப் போட்ட ஒற்றை பூட்ஸ். வேறோர் இடத்தில் சுவரில் கரியால் கிறுக்கிய ஆடுபுலி ஆட்டக் கட்டம். அடுத்த ஞாயிறு வந்த பெண் (திருப்பரங்குன்றம் பக்கம் பொறியியல் படிப்பவர்) “அந்தப் புலிக்கட்டம் இருக்குல்ல, அங்கேர்ந்து லெஃப்ட்” என்று தனக்குத் தானே பேசிக்கொண்டு போனார். மேப்பைக் கேட்கவே இல்லை.

வலிக்கும் இடத்தை விளையாடுபவர் சரியாகக் காட்டுவார், மருந்தைத்தான் தப்பாகச் சொல்வார். தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். ‘மேஜிக்: தி கேதரிங்’ சீட்டு விளையாட்டின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரோஸ்வாட்டர், இருபது வருட அனுபவத்தைத் தொகுத்து 2016-இல் ஆற்றிய உரையில் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். ஆனால் திகில் கேமுக்கு வந்தால் வலியைக் காட்டுவதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த வகைக்கு உள்ளேயே ஒரு சண்டை நடக்கிறது. டஞ்சன் கிராலர் என்பது கற்றுத் தேறுகிற விளையாட்டு. எத்தனை தோட்டா இருக்கிறது, எத்தனை அடி நடந்தால் கதவு, எந்தப் பொறியை எப்படித் தாண்டுவது என்று கணக்குப் போட்டு வெல்ல வேண்டும். திகிலுக்குக் கணக்கு ஆகாது. தெரிந்துவிட்டால் பயம் போய்விடும். ஒன்றுக்குத் தெளிவு வேண்டும், மற்றதற்கு இருட்டு வேண்டும். வருகிற குறைகளில் முக்கால்வாசி இந்த இரண்டும் உரசும் இடத்திலிருந்துதான் வருகின்றன. “கஷ்டமா இருக்கு” என்று ஒருவர் சொன்னால் அது பயமா எரிச்சலா என்று முதலில் பிரிக்க வேண்டும். பயம் என்றால் நாம் ஜெயித்தோம். எரிச்சல் என்றால் தோற்றோம். வாயில் வருவது இரண்டுக்கும் ஒரே வார்த்தை.

இந்தப் பிரிவினையில் இடறி விழுந்து எழுந்த கதை ஒன்று உண்டு. கனடாவின் ரெட் ஹுக் குழு செய்த ‘டார்க்கெஸ்ட் டஞ்சன்’, முழுமை பெறுவதற்கு முன்பே 2015 பிப்ரவரியில் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் ‘எர்லி ஆக்ஸஸ்’ விற்பனைக்கு வந்தது. அதில் எதிரிகள் நான்கு பேர் வரிசையாக நிற்பார்கள். முன்னால் நிற்பவனைக் கொன்றால் பின்னால் இருப்பவன் தானாக முன்னுக்கு வருவான். ஆக, முன்னே இருப்பவனை வெட்டிக்கொண்டே இருந்தால் போதும், யோசனையே வேண்டாம். அந்த வருட மத்தியில் குழு ஒரு மாற்றம் கொண்டுவந்தது. கொல்லப்பட்டவனின் பிணம் அதே இடத்தில் கிடக்கும், பின்னால் இருப்பவன் முன்னே வர மாட்டான். கூடவே, மன அழுத்தம் எல்லை மீறினால் நம் வீரனுக்கு மாரடைப்பு. வடிவமைப்பாகப் பார்த்தால் இரண்டும் நியாயமானவை. நான்கு இடத்துக்கும் அப்போதுதான் அர்த்தம் வந்தது. ஆனால் பல மணி நேரம் விளையாடி, ஒரு உத்தியைப் பழகி, வீரர்களை வளர்த்து வைத்திருந்தவர்கள் கொதித்துவிட்டார்கள். எதிர்மறை ரிவ்யூ குவிந்தது. குழு கடைசியில் என்ன செய்தது? இரண்டையும் விருப்பம்போல அணைத்துக்கொள்ள ஒரு ஸ்விட்ச் வைத்தது. ஆனால் எடுத்த எடுப்பில் இரண்டும் இயங்கும்படியே விட்டது. 2016 ஜனவரியில் முழு கேம் வந்தபோதும் பிணங்கள் இருந்தன.

எனக்கு இதில் பிடித்தது அந்த ஸ்விட்ச் இல்லை. பிணங்களை அவர்கள் தூக்கி எறியவில்லை, அதுதான். கோபத்தின் காரணம் ‘பிணம்’ இல்லை, ‘பாதியில் சட்டத்தை மாற்றியது’ என்று எங்கோ அவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். தாயம் ஆடிக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து “இனிமே ஒண்ணு விழுந்தா ஆட்டம் இல்ல” என்றால் நம் வீட்டில் கட்டை பறக்காதா?

வேறு பதில்களும் உண்டு. 1999-இல் வந்த ‘சிஸ்டம் ஷாக் 2’-இல் துப்பாக்கி சீக்கிரம் தேய்ந்து பழுதாகிறது என்ற புலம்பல் பெரிதாக இருந்தது. சில வாரத்தில் வந்த பேட்சில் (திருத்தக் கோப்பில்) அந்தத் தேய்மான வேகத்தைக் கூட்டிக் குறைக்க வழி செய்தார்கள். ஸ்வீடனின் ஃபிரிக்ஷனல் கேம்ஸ் 2015-இல் வெளியிட்ட ‘சோமா’ இன்னும் சுவாரசியம். கடலடி ஆய்வு நிலையத்தில் நடக்கும் கதை. கதை பிடித்தது, துரத்தும் உருவங்கள் பிடிக்கவில்லை என்று பலர் சொன்னார்கள். விளையாடுபவர்களில் ஒருவரே அரக்கர்கள் தாக்காதபடி ஒரு மாட் (ரசிகர்களே கேமில் செய்யும் மாற்றம்) செய்து வெளியிட்டார். 2017 டிசம்பரில் குழுவே அதிகாரப்பூர்வமாக ‘சேஃப் மோட்’ கொடுத்தது. அரக்கர்கள் இருப்பார்கள், நம்மைக் கொல்ல மாட்டார்கள். இருத்தல், உடல், நினைவு பற்றி அந்தக் கதை கிளப்பும் பயம் துளியும் குறையவில்லை. பயம் எது, எரிச்சல் எது என்று விளையாடியவர்களே பிரித்துக் காட்டிவிட்டார்கள்.

அப்புறம் அடிக்கடி வரும் இன்னொரு குறை: “கேம் ஏமாத்துது.” எங்கள் ஆணித் துப்பாக்கியில் குறி வைத்தால் திரையில் ‘80%’ என்று வரும். இரண்டு முறை தொடர்ந்து தவறினால் பையன்கள் மேசையைத் தட்டுகிறார்கள். கணக்குப்படி இது நடக்கத்தான் வேண்டும். ஐந்தில் ஒரு முறை தவறும் என்றால், இரண்டும் தவறுவதற்கு இருபத்தைந்தில் ஒரு வாய்ப்பு. நூறு முறை சுட்டால் கிட்டத்தட்ட நான்கு தடவை இப்படி அடுத்தடுத்துத் தவறும். ஆனால் மனிதர் மனதில் 80% என்றால் ‘நிச்சயம்’ என்று பதிகிறது. ‘சிவிலைசேஷன்’ வரிசையை உருவாக்கிய சிட் மெயர் 2010-இல் கேம் தயாரிப்பாளர்கள் மாநாட்டில் பேசியபோது இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். மூன்றுக்கு ஒன்று என்று பலம் இருக்கும்போது தோற்றால் கேமில் பக் என்கிறார்கள். ஒன்றுக்கு மூன்று என்று பலவீனமாக இருந்தும் ஜெயித்தால் யாரும் புகார் செய்வதில்லை. ‘எக்ஸ்காம் 2’ எளிய லெவல்களில், குறி தொடர்ந்து தவறினால் அடுத்த குறிக்கு ரகசியமாக வாய்ப்பைக் கூட்டிவிடுகிறது. திரையில் காட்டும் எண் மாறாது.

அந்த ரகசியக் கருணை எனக்கு ஒப்பவில்லை. வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்கப் பரமபதம் ஆடுவோம். கைலாசம் பக்கத்தில் போய்ப் பெரிய பாம்பின் வாயில் விழுந்து மீண்டும் அடிமட்டத்துக்கு வருவோம். அதில் யாரும் “ஆட்டம் ஏமாத்துது” என்பதில்லை. கட்டை நம் கையில் உருள்கிறது, பாம்பு கண் முன்னால் வாயைப் பிளந்து கிடக்கிறது. விழுந்தது ஏன் என்று தெரிகிறது. எங்கள் கேமில் குறி ஏன் தவறியது என்று தெரியவில்லை, அதுதான் குற்றம். எண்ணை எடுத்துவிட்டோம். அதற்குப் பதில் கை நடுங்குவதைக் காட்டினோம். மூச்சு வாங்கும்போது சுட்டால் துப்பாக்கி முனை ஆடும், ஆணி சுவரில் போய்த் தைக்கும், அது அங்கேயே தைத்து நிற்கும். வாய்ப்புக் கணக்கு பழையபடியேதான். மேசையைத் தட்டுவது நின்றுவிட்டது. “ஐயோ, அவசரப்பட்டுட்டேன்” என்கிறார்கள்.

எங்கள் கப்பலுக்குள் நம்மைத் துரத்தும் அரக்கனைப் பற்றிய குறைகளுக்கு வருவோம். “லூசு மாதிரி சுத்துது” என்பது ஒன்று. “எப்பப் பாத்தாலும் கரெக்டா வந்துருது, போங்கு” என்பது இன்னொன்று. ஒரே அரக்கன், ஒரே ஞாயிறு, எதிரெதிர் தீர்ப்பு. 2014-இல் வந்த ‘ஏலியன்: ஐசொலேஷன்’ இந்தச் சிக்கலுக்கு, நம்மைத் துரத்தும் வேற்றுக்கிரகப் பிராணியை நடத்த இரண்டு மூளை வைத்தது. மேலே இருக்கும் மூளைக்கு நாம் இருக்கும் இடம் எப்போதும் தெரியும். அது பிராணியிடம் “அந்தப் பக்கம் போ” என்று ஜாடை மட்டும் காட்டும், சரியான இடத்தைச் சொல்லாது. பிராணிக்குள் இருக்கும் மூளை கண்ணையும் காதையும் வைத்துத் தானே தேட வேண்டும். சும்மா அலைவதும் இல்லை, ஜோசியம் பார்த்து வருவதும் இல்லை. நெருக்கம் தாங்காத அளவுக்குப் போனால் மேல் மூளை அதைக் கொஞ்ச நேரம் விலக்கியும் வைக்கும்.

இதற்கு ஒரு வருடம் முன்னால், 2013-இல் வந்த ‘ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ்’ நேர் எதிர்க் கதை. அந்தப் பிராணிகள் முட்டாள்தனமாக ஓடுகின்றன என்று விளையாடியவர்கள் திட்டித் தீர்த்தார்கள். பல வருடம் கழித்து ஒரு மாட் தயாரிப்பாளர் அமைப்புக் கோப்பைத் தோண்டியபோது, ‘டெதர்’ என்ற ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து கூடுதலாக விழுந்திருப்பதைக் கண்டுபிடித்தார். பிராணியை அதற்குரிய இடத்தோடு பிணைத்து, சுற்றி வளைக்க வைக்கும் கட்டளை அது. எழுத்துப் பிழையால் கட்டளை போய்ச் சேரவே இல்லை. அந்த ஓர் எழுத்தை நீக்கியதும் பிராணிகளின் நடத்தை தெரியும்படி மாறியது. 2018-இல் இந்தச் செய்தி உலகம் முழுக்கப் பரவியது. கேமில் வேறு ஆயிரம் குறை இருந்தது என்பது வேறு விஷயம். ஆனால் ‘லூசு மாதிரி சுத்துது’ என்று முதல் வாரமே சொன்னவர்கள் சரியான இடத்தில்தான் விரல் வைத்திருக்கிறார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. 1998-இல் வந்த ‘ஹாஃப் லைஃப்’ கேமுக்கு வால்வ் நிறுவனம் வெளியாட்களைக் கூப்பிட்டு விளையாட வைத்தது. அந்தப் பகுதியை வடிவமைத்தவர்கள் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்தில் நூறு வரை திருத்தம் தேறும் என்று அந்தக் குழுவில் இருந்த கென் பேர்ட்வெல் பின்னால் எழுதினார். எங்கள் அறையில் இந்த விதியைக் காப்பது பெரும்பாடு. யாராவது வழி தெரியாமல் நின்றால் மருமகனுக்குப் பொறுக்காது. “அங்க லெஃப்ட்ல ஒரு லிவர் இருக்கு பாருங்க” என்று ஆரம்பிப்பான். கடைசியில் ஞாயிறுதோறும் அவன் வாயில் ஒரு பெரிய கடலை மிட்டாயைத் திணித்து உட்கார வைக்கிறேன்.

சும்மா பார்த்துக்கொண்டிருந்ததில்தான் இருட்டுப் பிரச்சினை பிடிபட்டது. “ஒண்ணுமே தெரியல” என்ற குறையை முதலில் திகிலுக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டோம். பிறகு பார்த்தால் அதைச் சொன்னவர்கள் எல்லோரும் மத்தியானம் மூன்று மணிக்கு, மேற்கு ஜன்னல் திறந்திருக்க, மதுரை வெயில் திரையில் அடிக்க விளையாடியவர்கள். அதிலும் பாதிப் பேர் கொண்டுவந்தது பள்ளியிலோ கல்லூரியிலோ அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப். அந்தத் திரையைக் கொஞ்சம் சாய்த்தால் கறுப்பு வெளுத்துவிடும், நேராக வைத்தால் சாம்பல் நிறமெல்லாம் கறுப்பாகிவிடும். இப்போது கேம் தொடங்கும்போதே ஒரு படம் வருகிறது. இடது பக்கக் கதவு மங்கலாகத் தெரிய வேண்டும், வலது பக்கக் கதவு தெரியக் கூடாது, அதுவரை வெளிச்சத்தைத் திருகுங்கள் என்கிறது. பெரிய கேம்களில் எப்போதும் இருப்பதுதான். எங்களுக்கு உறைக்க நான்கு ஞாயிறு ஆனது.

தமிழும் தகராறு செய்தது. கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளை எஞ்சின் என்பார்கள். முதலில் எடுத்த எஞ்சினில் எழுத்து உடைந்தது. ‘கொ’ என்று தட்டச்சு செய்தால் கணினிக்குள் ‘க’ முதலிலும் உயிர்க்குறி அடுத்தும் வரிசையாக இருக்கும். திரையில் காட்டும்போது கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து வைக்க வேண்டும். அதற்குத் தனி நிரல் தேவை. அது இல்லாத எஞ்சினில் கொம்பு எங்கோ போய் நிற்கும், நடுவே புள்ளிகளால் ஆன வட்டம் வரும். 2023 மார்ச்சில் வந்த கோடோ 4 எஞ்சின் இந்த வேலையைத் தானே செய்துவிடுகிறது, இலவசம் வேறு. இரண்டு மாத உழைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு அதற்கு மாறினார்கள்.

எழுத்து சரியானதும் சொல்லில் வந்தது வம்பு. கப்பலின் கணினி “உயிர்வளி குறைந்துகொண்டிருக்கிறது. பயணிகள் அமைதி காக்கவும்” என்று சொல்லும். விளையாடியவர்கள் சிரித்துவிட்டார்கள். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி இருக்கிறதாம். “ஆக்சிஜன் கம்மினு போடுங்கண்ணே” என்று மூன்று பேர் சொன்னார்கள். மருமகனும் மாற்றப் பார்த்தான். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஸ்டேஷன் அறிவிப்பு என்பது யாரும் இல்லாத பிளாட்பாரத்திலும் அதே தொனியில் பேசிக்கொண்டிருக்கும் குரல் இல்லையா? கணினிக்கு அந்த மொழியையே விட்டோம். காணாமல் போன ஊழியர்கள் எழுதி வைத்த துண்டுச் சீட்டுகளை மட்டும் பேச்சுத் தமிழுக்கு மாற்றினோம். “மாப்ள, ஆக்சிஜன் கம்மியாயிருச்சு. கீழ எறங்காத” என்ற சீட்டைப் படித்துவிட்டு, பின்னாலேயே கணினிக் குரல் “அமைதி காக்கவும்” என்னும்போது, அதற்குப் பிறகு வந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

இதெல்லாம் அறைக்குள். கடைக்குப் போனால் நிலைமை வேறு. ஸ்டீமில் கேம் போட 100 டாலர் கட்ட வேண்டும். விற்பனை ஆயிரம் டாலரைத் தொட்டால்தான் அது திரும்ப வரும். அங்கே விளையாடுபவர் கட்டை விரலை மேலே காட்டலாம் அல்லது கீழே, நடுவில் ஒன்றும் இல்லை. பத்து ரிவ்யூ சேர்ந்த பிறகுதான் பெயரோடு மதிப்பீடு வரும். 70 சதவீதம் மேலே என்றால் பெரும்பாலும் நல்லது என்ற பட்டம், அதற்குக் கீழே 40 வரை ‘கலவை’. பத்துப் பேரில் ஏழு பேர் மேலே காட்டினால் தப்பித்தோம். ஏழில் ஒருவர் மனம் மாறினால் கலவை. சிறு குழுக்களுக்கு ஒரு ரிவ்யூ எத்தனை கனம் என்று இதில் தெரியும். வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தையும் திரும்பப் பெறலாம். விளையாடுபவருக்கு நியாயமான சட்டம். ஆனால் மெதுவாகச் சூடேறும் திகில் கேமுக்கு இது கழுத்தில் கத்தி. “ஆரம்பம் இழுவை” என்ற குறை இந்த வகையில் இத்தனை தூரம் கேட்பதற்கு அந்த இரண்டு மணி நேரமும் ஒரு காரணம் என்பது என் ஊகம். எடுத்தவுடன் அலறலும் ரத்தமும் வைத்துவிட்டு, அப்புறம் காற்றுப் போன பலூன் போல ஆகும் கேம்கள் ஏன் இத்தனை என்பதற்கும் அதே பதில்தான்.

எங்களுக்குக் கிடைத்த ஆகச் சிறந்த கருத்து விளையாடியவர்களிடமிருந்து வரவில்லை. மருமகனின் நண்பனுடைய அப்பா மேலூர்ப் பக்கத்து விவசாயி. மகனைக் கூட்டிப் போக வந்தவர் பின்னால் நின்று கால் மணி நேரம் பார்த்தார். அப்போது கேமில் தடதடவென்று சத்தங்கள் நிறைய இருந்தன. “சத்தம் கேட்டா என்ன பயம் தம்பி?” என்றார். “ராத்திரி வயக்காட்டுக் காவலுக்குப் படுத்திருப்போம். தவளை கத்திக்கிட்டே கெடக்கும், தூங்கிருவோம். திடீர்னு எல்லாம் ஒண்ணா நிப்பாட்டும் பாருங்க. அப்பத்தான் எந்திரிச்சு உக்காருவோம்.” யாரோ வரப்பில் நடந்து வருகிறார்கள் என்று அர்த்தமாம். அன்று ராத்திரியே பயமுறுத்தும் சத்தங்களில் பாதியைத் தூக்கினார்கள். கப்பலில் காற்றோட்ட இயந்திரத்தின் உறுமல் ஓயாமல் இருக்கும்படி செய்து, அரக்கன் பக்கத்தில் வரும்போது அதை மட்டும் நிறுத்தினார்கள். அடுத்த ஞாயிறு வந்த மெடிக்கல் ஷாப் அண்ணன், உறுமல் நின்றதும் ஹெட்போனைத் தூக்கிவிட்டு “கரண்ட் போயிருச்சா?” என்று எங்களைப் பார்த்தார். ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கு இருக்கிறதே.

இப்போது சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் திருத்த வேண்டியவை நாற்பத்திரண்டு இருக்கின்றன. மேலே முதலாவதாக எழுதியிருப்பது லிஃப்ட் கதவு. ஐந்தாம் தளத்தில் பொத்தானை அழுத்தினால் கதவு திறக்கப் பதினோரு நொடி ஆகிறது. விளையாடிய இருபத்தாறு பேரில் இருபத்தொரு பேர் இதைக் குறை சொல்லிவிட்டார்கள். இரண்டு நிமிட வேலை, ஓர் எண்ணை மாற்றினால் போதும். போன வாரம் எல்லா ரெக்கார்டிங்கையும் வரிசையாக வைத்து அந்த இடத்தை மட்டும் ஓட்டிப் பார்த்தோம். பொத்தானை அழுத்திவிட்டு மூன்று நொடி கதவைப் பார்க்கிறார்கள். நான்காவது நொடி, அநேகமாக எல்லோரும், நாங்கள் எதுவும் வைக்காத அந்த இருட்டுத் தாழ்வாரத்தின் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள்.

மருமகன் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தான். “இது இருக்கட்டும் மாமா” என்றான்.